பழம் இல்லாத பெட்டி

“பச்சையா, சிவப்பா? சீக்கிரம் சொல்லுக்கா, மழை வருது.”

தம்பி கைக்கொன்றாக இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. விசிறி வைத்த செங்கற்கள். ஒன்று பச்சைக் கோடு போட்ட பளபள அட்டைப்பெட்டியோடு இருந்தது. இன்னொன்றுக்குப் பெட்டியும் இல்லை, விசிறியில் ஓர் இறக்கையும் இல்லை. முதுகில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது.

“எதைப் போட்டா உங்க மாமாவுக்கு வேலை நடக்கும்?”

“ரெண்டுமே படம் காட்டும். ஆனா பச்சை புதுசு. சிவப்பை எவனோ இணையத்துல காசு தோண்டறேன்னு ராப்பகலா ஓட்டிச் சாகடிச்சிருக்கான்.”

“அப்ப புதுசையே எடு.”

அந்த ஒரு வார்த்தைதான் அவர்களுக்கு இரண்டு நாளைத் தின்றது.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சந்து. ஆபீஸ்கள் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். கறுப்புப் பெட்டிகள் சுவர் மாதிரி அடுக்கியிருக்கும். கீபோர்டுகளைத் தராசில் போட்டு எடைக்கு விற்பார்கள். ஈர அட்டை வாசனையும் ஈயம் பற்றவைக்கும் புகையும் கலந்து மூக்கில் ஏறும். கடைக்காரருக்கு நட்டு என்று பெயர். எந்த நேரமும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவார்.

“விண்டோஸ்தானே போடப்போறீங்க?” என்றார் நட்டு.

“இல்லண்ணே. கடிச்ச பழம் போட்ட கம்பெனிக்காரனோடது,” என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி.

நட்டு திருகாணியை உதட்டிலிருந்து எடுத்தார். “இந்தப் பெட்டியிலயா? புளியமரத்துல வேற பழம் காய்க்க வைக்கிற வேலை அது. அவன் அனுமதிக்கவே மாட்டான். ஏதோ புரட்டு பண்ணித்தான் ஏத்தணும். ஏத்தினாலும் எந்தப் பாகம் ஒத்துக்கும், எது முரண்டு பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. நான் பொறுப்பு இல்ல. ஏன் இந்தத் தலைவலி? வேற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஊர்ல இல்லியா?”

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் பெட்டிகளைப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரர் டிவி தொடருக்கு எடிட்டர்ண்ணே. மூளையில அடைப்பு வந்து விழுந்துட்டார். இப்ப நடக்கறார், பேசறார், கண்ணு தெரியுது. படிக்க மட்டும் முடியல.”

“படிக்க முடியலன்னா?”

“எழுத்து எழுத்தாத் தெரியலயாம். எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். அவர் பேரையே எழுதிக் காட்டினேன். யார் பேர்ன்னு கேக்கறார்.”

நட்டு கையிலிருந்த திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மற்றதைத் தம்பி சொன்னான். மாமா வருஷக்கணக்கில் ஒரே சாஃப்ட்வேரில் வேலை செய்தவர். அதற்கு மெனு படிக்க வேண்டாம். விரலுக்கே வழி தெரியும். ஆனால் அது பழக் கம்பெனிக்காரனின் மெஷினில் மட்டும்தான் ஓடும். மயங்கி விழுந்த அன்று மாமா மேஜையைப் பிடித்தார். மேஜை வரவில்லை. மெஷின்தான் வந்தது. திரையும் வயிறும் ஒன்றாகவே இருக்கும் ஜாதி அது. ஒரே விழுதலில் இரண்டும் போய்விட்டன. வீட்டில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, புது மெஷினைக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். பழசு கூட எட்டவில்லை.

“எடுத்துட்டுப் போங்க,” என்றார் நட்டு. “ஒத்துக்கலேன்னா திருப்பிக் கொண்டாங்க. முகம் சுளிக்க மாட்டேன்.”

---

தொடர்க் கம்பெனியின் மேனேஜர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். எடிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் வைத்து ஒரு ஹார்டு டிஸ்கைக் கொடுத்தார்.

“இதுல ஒரு காட்சி இருக்கு அண்ணி. அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிக் கொடுத்துட்டார்னா தொடர் அவர்கிட்டயே இருக்கும். இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க.”

அவள் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள். அந்தச் சம்பளம் அவர் மருந்துக்கே அதே கவுண்டரில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஊட்டினால் வாயைத் திறப்பார், பாதியில் மறந்துவிடுவார். ஒருநாள் மிகத் தெளிவாகச் சொன்னார்: “என்னை ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் விட்டுடு. நான் காலி.”

அந்த டிஸ்கைக் காட்டியபோதுதான் முதல்முறை திரும்பிப் படுத்தார். “என்ன காட்சி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நம்பித்தான் அவள் சந்துக்கே போனாள்.

---

பச்சைக் கார்டு போட்ட பெட்டியைக் கூடத்தில் வைத்துத் தம்பி இரண்டு நாள் மல்லுக்கட்டினான். கூரியர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தரையில் சப்பணமிட்டு, பென் டிரைவைச் செருகுவதும் உருவுவதுமாக இருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அருவியாகக் கொட்டும். ஓரிடத்தில் நிற்கும். அணைப்பான். ஏதோ மாற்றுவான். மறுபடியும் கொட்டும்.

கடைசியில் பழக் கம்பெனிக்காரனின் திரை வந்துவிட்டது. தம்பி மடியில் தாளம் போட்டான். அப்புறம் மௌஸை நகர்த்தினான். திரையிலிருந்த ஜன்னல் சேற்றில் இழுத்த மாதிரி வந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“என்னாச்சு?”

“கார்டை ஏத்துக்க மாட்டேங்குது.” அவன் போனைத் துழாவிக்கொண்டிருந்தான். இதே புரட்டு வேலை செய்கிற ஆட்களின் குழுவில் கேள்வி போட்டிருந்தான். பதில் வந்தது. படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். “பச்சைக் கம்பெனிக்காரனுக்கும் பழக் கம்பெனிக்காரனுக்கும் ஆகாதாம்க்கா. பேச்சுவார்த்தையே கிடையாதாம். சிவப்புதான் ஒத்துப் போகுமாம். அதுலயும் புதுசு வேணாம், நாலஞ்சு வருஷப் பழசா எடுங்கறான். அந்தக் காலத்துல பழக் கம்பெனிக்காரனே அவன் மெஷின்ல எந்தப் பாகத்தை வச்சானோ, அதோட சொந்தக்காரனைத் தேடணுமாம். பெட்டியையும் சேர்த்து மாத்தணுமாம்.”

“இதை முதல்லயே கேட்டிருக்கலாமேடா.”

“புதுசு நல்லதுன்னு நினைச்சேன்.”

“நானும்தான்.” அவள் அவன் தலையில் கை வைத்தாள். “எழுந்திரு. போகலாம்.”

உள்ளேயிருந்து எடிட்டரின் குரல் வந்தது. “விட்டுடுங்கடா. ரெண்டு பேரும் போய் உங்க பொழப்பைப் பாருங்க.”

---

இந்தத் தடவை சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நட்டு பெட்டிகளைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். பேச்சை அவளே எடுத்தாள். கவுண்டரில் நின்று பழகிய வாய். எதைக் கேட்டாலும் காலாவதித் தேதி கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

“இந்தக் குட்டிப் பெட்டி என்ன குறை?”

“குறை இல்ல தங்கச்சி, அழகா இருக்கும். ஆனா சிவப்புக் கார்டு நீளம், உள்ள போகாது. கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் குடித்தனம் பண்ணணும்.”

“அந்தப் பெருசு?”

“அதுல பவர் சப்ளை ஒல்லி. கார்டுக்குத் தனியா கரண்ட் கொடுக்கற வயர் இல்ல.”

“அந்த மூணாவது?”

“அது போன வருஷத்துது. ரொம்பப் புதுசு.”

“புதுசு வேணாம்.”

தம்பி சிரித்துவிட்டான். நட்டுவும் சிரித்தார். “என் கடையில நின்னு புதுசு வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீதான்.”

பலகையின் கீழ் வரிசையில் ஒரு பெட்டியைத் தம்பி பார்த்தான். ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸின் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் போர்டின் எண்ணைப் படித்து, குழுவில் கேட்டான். மழை தகரத்தில் அடித்தது. மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எடுங்கறான்க்கா. இதே போர்டுல அவனே ஓட்டறானாம்.”

இறக்கை உடைந்த சிவப்புக் கார்டை நட்டு தூசி தட்டினார். வேறொரு செத்த கார்டின் விசிறியைக் கழற்றி இதில் பொருத்தினார். மாட்டி ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டார். “மூச்சு சீராத்தான் வருது,” என்றார். எடைக்கு விற்கிற கீபோர்டுக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்துச் சும்மா கொடுத்தார்.

---

அது ஓடியது. ஜன்னல் வழுக்கிக்கொண்டு வந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. காட்சி தடங்கலில்லாமல் நகர்ந்தது. தம்பி மௌஸால் இங்கும் அங்கும் சொடுக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, வாங்க. உங்க கடை திறந்தாச்சு,” என்றான்.

அவள் எடிட்டரின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். அவர் திரையைப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை; கட்டங்களைப் பார்த்தார். காட்சித் துண்டுகளின் வரிசை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. இடது கை தானாகவே கீபோர்டுக்குப் போனது.

பஸ் நிலையம். ஒரு கிழத்தகப்பன், ஒரு மகள். மகள் சிவப்புப் பையோடு பஸ் ஏறப்போகிறாள். அவர் காட்சியை ஓடவிட்டார். ஓரிடத்தில் நிறுத்தி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றாக அழுத்தினார்.

வெட்டு விழவில்லை.

மறுபடியும் அழுத்தினார். திரையில் சம்பந்தமில்லாத எதுவோ மாறியது. அதை ரத்து செய்யப் பெருவிரலோடு வேறொரு விரலை அழுத்தினார். ரத்தாகவில்லை; இன்னொன்று மாறியது. நெற்றியில் வேர்த்தது. வேகமாக அழுத்தினார். கையை எடுத்து, விரல்களை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“மாமா, மௌஸ்ல மேல போய் அந்த மெனுவுல...” என்று ஆரம்பித்த தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“படிப்பு போச்சுன்னு நினைச்சேன்,” என்றார் எடிட்டர். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “கையும் போச்சு. கை ஒண்ணுதான் மிச்சம்னு நினைச்சிருந்தேன்.”

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே போய்ப் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி.

அன்று கஞ்சியும் வேண்டாம் என்றார். மருந்தும் வேண்டாம் என்றார். அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். “எனக்காக,” என்றாள். “உனக்காகத்தான் சொல்றேன். போட்டுப் போட்டு என்ன ஆகப் போகுது?” என்றார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்த மாத்திரை எல்லாவற்றையும் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். கத்தியையும்தான்.

---

கவுண்டரில் ஒரு பெரியவர் மாத்திரை அட்டையைத் திருப்பி நீட்டினார்.

“முந்தாநாள் மாத்திக் கொடுத்துட்டீங்க. இது என்னோடது இல்ல.”

“அதே மருந்துதான் ஐயா. கம்பெனி வேற, அதான் நிறம் வேற. பேர் பாருங்க.”

“பேரு உங்களுக்கும்மா. எனக்கு மஞ்சள் காலையில, வெள்ளை ராத்திரி. நீங்க காலை மருந்தை வெள்ளையாக் கொடுத்துட்டீங்க. நேத்து வெள்ளையை ரெண்டு தடவை முழுங்கிட்டு மயங்கிக் கிடந்தேன். எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சுன்னு என் மருமக சொல்றா.”

அவள் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காலை மருந்தின் அட்டையில் மஞ்சள் ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தாள். அவர் போன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சுன்னு.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடினாள். போகிற வழியிலேயே தம்பிக்குப் போன்.

“டேய், அந்தப் பெட்டியை நீ எதால ஓட்டிப் பார்த்தே? மௌஸாலயா, கீபோர்டாலயா?”

“மௌஸ்தான். ஏன்க்கா?”

“வீட்டுக்கு வா.”

அலமாரிக்குப் பின்னால் பழைய மெஷினின் உடைசல்கள் ஒரு சாக்கில் கிடந்தன. நசுங்கிப்போன பழைய கீபோர்டை எடுத்து, நட்டு கொடுத்ததன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் குனிந்து பார்த்தாள். தம்பி வந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

“நீளப் பொத்தானுக்குப் பக்கத்துல பாரு. மாமா பெருவிரல் வைக்கிற இடம்.”

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் உட்கார்ந்துவிட்டான். பழைய கீபோர்டில் வெட்டுவதற்கும் ரத்துக்கும் அழுத்துகிற பொத்தான் நீளப் பொத்தானை ஒட்டி இருந்தது. நட்டு கொடுத்த கீபோர்டில் அந்த வேலையைச் செய்யும் பொத்தான் ஒரு வீடு தள்ளி இருந்தது. பக்கத்து வீட்டில் வேறு எவனோ குடியிருந்தான். எழுத்தைப் பார்த்து அழுத்துகிறவன் ஒருதரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வான். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை.

“செட்டிங்ல ரெண்டையும் இடம் மாத்திடலாம்க்கா. ஒரு நிமிஷ வேலை.” அவன் நசுங்கிய கீபோர்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். “ஒரு நிமிஷ வேலைக்கா.”

எடிட்டர் வர மறுத்தார். அவள் கெஞ்சவில்லை. போய்ப் போர்வையை உருவினாள்.

“உங்க கை சரியான இடத்துக்குத்தான் போச்சு. நாங்கதான் பொத்தானைத் தப்பான இடத்துல வச்சிருந்தோம். வந்து திட்டிட்டுப் போய்ப் படுத்துக்கங்க.”

அவர் வந்தார். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அழுத்தினார்.

காட்சி இரண்டு துண்டாயிற்று.

ரத்து செய்தார். ஒட்டிக்கொண்டது. வெட்டினார். ஒட்டினார். வெட்டினார். பிறகு நாற்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்தார்.

“பசிக்குது,” என்றார், திரும்பாமலே.

---

வெள்ளிக்கிழமை மதியம். மருந்துக்கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் யாருக்கோ இருமல் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ போம்மா. நான் பின்னாலயே வர்றேன்.”

வீட்டில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த குரல். நிமிர்ந்தாள். பஸ் நிலையம். கிழத்தகப்பன். மகள். அதே சிவப்புப் பை. மகள் அழுகிறாள், இசை எழுகிறது, பஸ் போகிறது, விளம்பரம் வந்துவிட்டது.

அவள் கடைக்குப் பின்புறம் போய் மேனேஜருக்குப் போன் செய்தாள்.

டீக்கடை டிவியில் அந்தக் காட்சி ஓடியதைச் சொன்னாள். “பார்த்துட்டீங்களா அண்ணி,” என்றார் அவர். “வேற ஆள் வந்து ஒரு மாசம் ஆச்சு. அண்ணன் கிடந்த கோலத்துல நேர்ல சொல்ல மனசு வரல. சும்மா கையில ஏதாவது இருக்கட்டும்னுதான் கொடுத்தேன். எப்படியும் முடியாம போயிடும், அவரே விட்டுடுவார்னு...”

“நேர்ல சொல்ல மனசு வரல. சரி. போன்ல?”

பதிலுக்கு நிற்காமல் அவள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு தெருமுனையிலும் ஒன்றை எடுத்து, அடுத்த முனையில் எறிந்தாள். கதவைத் திறந்தபோது அவர் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மழித்த முகம். தம்பி பக்கத்தில் இருந்தான்.

“முடிஞ்சுது. உக்காரு, பாரு,” என்றார்.

பார்த்தாள். “நீ போம்மா. நான் பின்னாலயே வர்றேன்.” மகள் ஏறுகிறாள். அழுகையைக் காட்டவில்லை. பஸ்ஸையும் காட்டவில்லை; சத்தம் மட்டும் போகிறது. தகப்பன் முகத்திலேயே காட்சி நிற்கிறது. அவர் பின்னால் போகப் போவதில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கையை உயர்த்தப் போய், எதற்கு என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான்.

டிவியில் வந்ததில் இது இல்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“டிவியில பார்த்துட்டியா?” என்றார் எடிட்டர்.

தம்பி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்களுக்கு எப்படி...”

“முதல் நாளே தெரியும். அவன் கொடுத்ததுல டப்பிங் குரல் இருக்கு. ஸ்பாட்ல எடுத்த சத்தம்னா நாய் குலைக்கும், எவனாவது இருமுவான். இது சுத்தமா இருந்துது. வெட்டி முடிக்காம டப்பிங் பண்ண மாட்டாங்க. யாரோ எப்பவோ வெட்டியாச்சு.”

“தெரிஞ்சுமா இத்தனை பாடு பட்டீங்க?”

“நிஜ வேலைன்னா உக்காந்திருக்க மாட்டேன். பயந்திருப்பேன்.” அவள் பக்கம் திரும்பினார். “நீ அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு வந்தே. அப்ப எப்படிச் சொல்றது?”

தம்பிக்கு இப்போது புரிந்துவிட்டது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

“இனிமே என்ன பண்றது?” என்றாள்.

“தெரியல. நாலு கம்பெனிக்குக் காட்டலாம். நாலு பேரும் கதவைச் சாத்தலாம். ஃபைல் பேர் படிக்க ஆள் வேணும்னா எவன் கூப்பிடுவான்? தெரியல.” திரையைப் பார்த்தபடி சொன்னார். “ஆனா அனுப்பறோம். முதல்ல அந்த மேனேஜருக்கு. கடைசியில என் பேர் வரணும். நீ அடி.”

அவள் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். கறுப்பின் நடுவில் வெள்ளையாக அவர் பெயர் வந்தது. அவர் அதைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இதுதானா?”

“இதுதான்.”

“சரி. பேர் எவ்வளவு நேரம் திரையில நிக்கணும்ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பாக்கறவன் நிதானமா ஒரு தடவை படிச்சு முடிக்கணும், அதுவரைக்கும். முன்னெல்லாம் நானே படிச்சுப் பார்த்துத்தான் வெட்டுவேன்.” பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கீபோர்டில் வைத்துக்கொண்டார். “இப்ப நீ படி. முடிஞ்சதும் தோளைத் தொடு.”

ஓடவிட்டார். கறுப்பில் பெயர் எழுந்தது. அவள் அவர் தோளுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், முதல் எழுத்திலிருந்து படித்தாள்.

தொட்டாள். அவர் வெட்டினார்.